சாத்தூர் தூக்கம்

வசுமதியின் பொறுப்பில் இருந்த வெண்டர்களிலேயே அவளுக்குத் தலைவலி கொடுக்காத ஒரே ஆள் சாத்தூர் ஞானதுரைதான். அவர் முடியாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. அயர்ச்சிதான் வந்தது. மற்றவர்கள் முரண்டு பிடித்தால் எதைச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவது என்று அவளுக்குத் தெரியும். ஞானதுரையிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

அவள் வேலை பார்த்த 'கண்வளர்' நிறுவனம் தூக்கம் விற்றது. ஒருவர் அயர்ந்து தூங்கும்போது உடம்பு தனக்கென்று சுரந்துகொள்ளும் ஏதோ ஒன்றை, அவர் விழிப்பதற்குச் சற்று முன்பாக ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதை இன்னொருவருக்கு ஏற்றினால், வாங்கியவர் சற்று நேரத்துக்கெல்லாம் இரவு முழுக்கத் தூங்கியவர்போல் எழுந்து வேலைக்குப் போய்விடலாம். கொடுத்தவர் மட்டும் தூங்காதவராகவே எழுவார். உடம்பு அதை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் சுரக்கும் என்பதால், பகலில் படுத்துக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அன்று ராத்திரி எத்தனை புரண்டாலும் கண் மூடாது. மறுநாள் கொடுக்காமல் இருந்தால் அன்றைக்குத் தூங்கலாம்.

வாங்குகிறவர்கள் பெரிய ஊர்களில் இருந்தார்கள். டாக்டர்கள், விமானம் ஓட்டுகிறவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். கொடுக்கிறவர்கள் சின்ன ஊர்களில் இருந்தார்கள். அந்தந்த ஊரில் ஒரு வெண்டர் இடம் பிடித்து, கட்டில் போட்டு, ஆள் சேர்த்து, எடுத்த சரக்கைக் குளிர்பெட்டியில் சென்னைக்கு அனுப்புவார். தூங்குகிறவர்கள் யாரும் கண்வளரின் ஊழியர்கள் இல்லை. ஆகவே அவர்களுக்கு என்ன நடந்தாலும் அது கண்வளருக்குச் சம்பந்தமில்லாதது. நடுவில் வெண்டர் இருந்தார். வெண்டருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வசுமதி இருந்தாள்.

தர்மபுரிப் பக்கம் ஒருமுறை, வாரம் முழுக்கக் கொடுத்துவந்த ஒருவன் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டே கண் அசந்து பள்ளத்தில் இறக்கிவிட்டான். உள்ளே இருந்தவர்களுக்குக் கை கால் போயிற்று. அப்போது வசுமதி செய்ததெல்லாம் வெண்டரை மாற்றியதுதான். அதைச் சாமர்த்தியமாகச் செய்தாள் என்று பாராட்டு வந்தது. அன்றிலிருந்துதான் அவளுக்கு இந்த அயர்ச்சி. உடம்பு அயர்ச்சி இல்லை. ஊழியர்களுக்கென்று கம்பெனி கொடுக்கும் சரக்கை அவளும் வருடக்கணக்காக ஏற்றிக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கும் அவள் பக்கத்தில் படுப்பது டியூப்லைட்டை எரியவிட்டுப் படுத்தது போல இருக்கிறது என்று கணவர் ஒருநாள் சொல்லிவிட்டுத் தலையணையோடு அடுத்த அறைக்குப் போனார். பிறகு அங்கேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

தலைமை அதிகாரி பிரணவ் அவளைவிட மிகவும் இளையவர். குரலை உயர்த்தாதவர். ஆர்டர் குவிகிறது, ஆகவே கொடுப்பவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் கொடுப்பது ஐந்து நாளாக வேண்டும் என்று எல்லா வெண்டர்களுக்கும் சொல்லச் சொன்னார். முனகிக்கொண்டே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சாத்தூர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாத்தூர் சரக்குக்குத்தான் கிராக்கியே. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். ஏற்றிக்கொண்டால் சின்ன வயதில் தூங்கி எழுந்தது மாதிரி இருக்கிறது என்றார்கள். லேபில் எவ்வளவு பார்த்தும் மற்ற ஊர்ச் சரக்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நேரில் போய்ப் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் ஆளை மாற்றிவிடுங்கள் என்றார் பிரணவ்.

சாத்தூர் ஸ்டேஷனுக்கு ஞானதுரையே வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தீப்பெட்டி வேலையெல்லாம் இயந்திரத்துக்குப் போனபின், பூட்டிக் கிடந்த அதே கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துக் கட்டில் போட்டார். குச்சி அடுக்கிய பெண்கள்தான் இப்போது அங்கே வந்து படுத்தார்கள். ஊரில் அதற்குத் தூக்காபீஸ் என்று பெயர்.

பெரிய கூடத்தில் கறுப்புத் திரை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். வரிசைக் கட்டில்களில் பெண்கள் கிடந்தார்கள். வசுமதி எத்தனையோ மையங்களைப் பார்த்திருக்கிறாள். எல்லா இடத்திலும் தூங்குகிறவர்களின் முகத்தில் ஒரு இறுக்கம் இருக்கும். இங்கே ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள். ஒருத்தி காலைப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தாள்.

பின்பக்கம், முன்பு பெட்டி ஒட்டிய அறையில் ஒரே கூச்சல். ஞானதுரையின் மனைவி எஸ்தர் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் சேலைத் தொட்டில்கள் தொங்கின. வசுமதிக்கும் ஒரு துண்டு வந்தது. இந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நிறையக் கட்டில் போடலாமே என்று அவள் கேட்டதற்கு, பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது என்று ஆரம்பத்திலேயே எல்லாரும் சொல்லிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடுதான் இது, எஸ்தருக்கும் பொழுது போகிறது என்றார் ஞானதுரை.

அவருடைய அறையில் உட்கார்ந்து, வரும்போதே தயார் செய்து வந்ததையெல்லாம் வசுமதி சொன்னாள். ஐந்து நாள் கொடுத்தாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர்கள் சான்று கொடுத்திருப்பதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் ஒங்க கம்பெனியோட சண்ட போடல மேடம். மூணு நாளுன்னா ஒரு நா விட்டு ஒரு நா ராத்தூக்கம் கெடைக்கும். ஆளு தேறிக்கிடும். அஞ்சு நாளுன்னா?"

"மிச்சம் ரெண்டு நாள் இருக்கே, அண்ணாச்சி."

"ரெண்டு நாள்ல ஏழு நாளுத் தூக்கத்தத் தூங்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

அவள் தானாகத் தூங்கியே வெகுகாலம் ஆகியிருந்தது. யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவர் யோசித்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. திரும்பிப் போய் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கொடுத்து முடித்த பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. அவர்களில் ஒருத்தி வழிமறித்தாள்.

அவள் பெயர் புஷ்பகனி. முப்பது வயது இருக்கும். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வீடு கட்ட ஆரம்பித்து, ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோயிருந்தது. மழைக்காலத்தில் மகளோடு தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம். ஐந்து நாள் விஷயம் அவர்கள் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. தனக்கு மட்டுமல்ல, இங்கே படுக்கிற எல்லாருக்குமாகத்தான் பேசுகிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி நல்லவுக. எங்கள அவுக புள்ளைக மாதிரித்தான் பாக்காக. ஆனா நாங்க சின்னப் புள்ளைக இல்ல மேடம். லாரி ஓட்டுற ஆம்பள எத்தன ராத்திரி முழிக்கான்னு யாராச்சும் கணக்குக் கேக்காகளா? எங்க தூக்கம், எத்தன நாளு குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? அண்ணாச்சிக்கு முடியாதுன்னா நாங்களே எடுத்து நடத்துறோம்."

ஞானதுரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். பின்வாங்கவில்லை.

ஞானதுரை வாசலிலிருந்து இறங்கி வந்தார். வெயிலில் நிற்காதீர்கள், கிறுகிறுப்பு வரும், உள்ளே போய் உட்காருங்கள் என்று மற்றப் பெண்களிடம் சொன்னார். பிறகு வசுமதியைப் பார்த்து, "நான் குறுக்க நிக்கல மேடம்" என்றார். அவ்வளவுதான். அந்த மாதத்தோடு அவர் ஒதுங்கிக்கொள்வது என்றும், கட்டடத்தையும் கட்டில்களையும் புஷ்பகனி எடுத்துக்கொள்வது என்றும் அங்கேயே பேசி முடிந்தது.

சென்னைக்குத் திரும்பும்போது வசுமதிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொடுப்பவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் யாரையும் நிர்ப்பந்தப்படுத்தவில்லை. இதை அவள் ரயிலில் பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததுதான் உறுத்தியது.

புஷ்பகனி கெட்டிக்காரியாக இருந்தாள். சொன்ன அளவுக்குச் சரக்கு வந்தது. இரண்டு மூன்று மாதம் போனபின்தான் சாத்தூர் சரக்கைப் பற்றி முதல் புகார் வந்தது. அதைப் புகார் என்று சொல்லவே வாடிக்கையாளருக்குக் கூச்சமாக இருந்தது. அவர் இதய அறுவை மருத்துவர். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, களைப்பே இல்லை, ஆனால் கத்தியைக் கையில் எடுத்தபின் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது என்றார். வீட்டில் யாருக்கு என்று கேட்டதற்கு, அதுதான் தெரியவில்லை என்றார். பிறகு ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. மொட்டைமாடியில் ஒரு குழந்தை தனியாக நிற்கிற மாதிரி இருக்கிறது, ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றிருந்தாள்.

வசுமதி அதைப் படித்துவிட்டு, எந்தச் சரக்கு யாருக்குப் போயிற்று என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஊழியர்களுக்கு அந்த மாதங்களில் வந்ததும் சாத்தூர் சரக்குதான். கொஞ்ச நாளாக அவளும் ஆபீசுக்குக் கிளம்பி லிஃப்ட் வரை வந்து, திரும்பிப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்ரூமில் வாளியில் தண்ணீர் இருந்தால் கவிழ்த்துவிட்டு வந்தாள். அவளுக்கும் கணவருக்கும் குழந்தை கிடையாது. வயதாகிறது, அதனால்தான் இப்படி என்று நினைத்திருந்தாள்.

சாத்தூர் சரக்கை நிறுத்திவைக்கலாமா என்று கேட்கத்தான் பிரணவின் அறைக்குப் போனாள். அவர் அவளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இதைக் கம்ப்ளெயின்ட்டா பாக்காதீங்க, வசுமதி. ஒரு கால் சென்டர்காரர் நேத்து போன் பண்ணார். இந்த பேட்ச் ஏத்தினதுல இருந்து ஆளுங்க சீட்டை விட்டு எழுந்திருக்கறதே இல்லையாம். வேலையைப் பாதியில விட்டா என்னமோ ஆயிடும்னு ஒரு பயம். ஆனா டயர்ட் ஆகறதில்ல. இதே மாதிரி வேணும், எவ்வளவு இருந்தாலும் வாங்கிக்கறேங்கறார்."

லேபில் இந்தத் தடவை எதைத் தேடுவது என்று தெரிந்து தேடியிருந்தார்கள். கண் மூடும் நேரத்தில் மனதில் எது இருக்கிறதோ அதன் வண்டல் கொஞ்சம் சரக்கில் இறங்குகிறது என்று பிரணவ் விளக்கினார். மற்ற ஊர்ச் சரக்கிலெல்லாம் கலவையாகக் கொஞ்சம் கொஞ்சம் எப்போதும் இருந்திருக்கிறது. சாத்தூரில் மட்டும்தான் முன்பு ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தது. இப்போதைய சாத்தூர் சரக்கில் அது ஒரே மாதிரியாக, கெட்டியாக இருக்கிறது. ஏனென்று விசாரித்தபோது, புது வெண்டர் வந்தபின் குழந்தைகள் அறையை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டார்கள் என்று தெரிந்ததாம்.

"முன்னாடி குழந்தைங்க பக்கத்து ரூம்ல இருந்தாங்க. இப்ப எங்கயோ இருக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பதற்றம்தான் சரக்கு." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "இதுக்கு 'முனைப்பு'ன்னு பேர் வச்சிருக்கோம். எல்லா வெண்டருக்கும் ஆள் எடுக்கறதுக்குப் புதுத் தகுதி ஒண்ணு அனுப்பணும். சின்னக் குழந்தைங்க இருக்கற அம்மாங்க. வீட்ல பார்த்துக்க யாரும் இருக்கக் கூடாது. இப்படியே எழுத வேணாம். நீங்க நாசூக்கா எழுதுவீங்க."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுத்தால் அடுத்த அறையில் இருக்கிறவர் எழுதுவார். அவ்வளவு நாசூக்காக எழுத மாட்டார், அவ்வளவுதான். முதலில் சாத்தூருக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன், தகுதியைச் சரியாக எழுத அது உதவும் என்றாள். பிரணவுக்கு அது பிடித்திருந்தது.

தூக்காபீஸில் இப்போது நடக்க இடமில்லை. பெட்டி ஒட்டிய அறையில் தொட்டில்கள் கட்டியிருந்த இடம் வரை கட்டில்கள். தூங்குகிறவர்கள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கிடந்தார்கள். ஒருத்தி தூக்க மருந்து ஏறியபின்னும் கையால் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். புஷ்பகனி ஞானதுரையின் பழைய நாற்காலியில் இருந்தாள். மெலிந்திருந்தாள். கணக்குப் பார்க்கிற நேரம் போக அவளும் ஐந்து நாள் படுத்தாள். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது என்று சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் வாக்கியத்தின் பாதியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மறந்து, வசுமதியின் முகத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டாள்.

குழந்தைகள் எங்கே என்று வசுமதி கேட்டாள். அவரவர் வீட்டில் என்றாள் புஷ்பகனி. பெரிய பிள்ளை இருந்தால் சின்னதைப் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வருவார்கள். நடக்க ஆரம்பித்த பிள்ளை என்றால் காலில் சேலையைக் கட்டி, கட்டில் காலோடு முடிந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவளுடைய மகள் ரூபிணிக்கு நாலு வயது. போன வாரம், அம்மா வருவதற்குள் டீ போட்டு வைப்போம் என்று அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். கையில் மட்டும்தான் பட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கியிருக்கிறாள்.

"மருந்து ஏறிக் கண்ணு சொருகும்ல மேடம், அப்ப கடைசியா அவ மூஞ்சிதான் தெரியும். எந்திரிச்சிரணும்னு நெனப்பேன். ஒடம்பு கேக்காது."

வசுமதி அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கடைசி நினைப்புத்தான் இப்போது கம்பெனிக்கு வேண்டியிருக்கிறது என்பதையும், அதற்குப் பெயர் வைத்திருப்பதையும், மற்ற ஊர்களிலும் அதற்காகவே ஆள் எடுக்கப் போவதையும் சொன்னாள். சென்னையில் ஒரு டாக்டருக்கும், மாடிப்படி ஏறி இறங்கும் ஒரு பெண்ணுக்கும், தனக்கும் ரூபிணியைப் பற்றிய பயம்தான் வந்துகொண்டிருந்தது என்பதையும் சொன்னாள். புஷ்பகனி மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூக்கம் நாங்க வித்தது. சரி." அவள் குரல் உயரவில்லை. "எம் புள்ளைய நெனச்சு நான் பயப்படுறதையுமா எடுத்துட்டுப் போனீக?"

கட்டிலைக் குறைத்துவிட்டு அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று வசுமதி கேட்டாள். முடியாது என்றாள் புஷ்பகனி. சொன்ன அளவு வராவிட்டால் கம்பெனி வேறு வெண்டரைப் பார்க்கும், அது மேடத்துக்கே தெரியும். கட்டிலைக் குறைத்தால் யாரைப் போகச் சொல்வது? எஸ்தர் அக்காவிடம் கேட்கலாமே என்றதற்கு, எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றாள்.

அந்தக் கேள்வி வசுமதிக்கும் பொருந்தும். ஆனாலும் போனாள். ஞானதுரையின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கொடுப்பவர்கள் நிறையப்பேர் அந்தத் தெருக்களில்தான் இருந்தார்கள். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் போனில் பாட்டுச் சத்தமும், ஒரு வீட்டில் அழுகையும் கேட்டன. அழுகைக்கு யாரும் போகவில்லை. அவளும் நின்றுவிட்டுத்தான் போனாள். பூட்டுக்கு என்ன செய்ய முடியும்.

ஞானதுரை அவளை வரவேற்று உட்காரவைத்தார். கோபம் இல்லை. ஆனால் அவள் நடந்ததைச் சொல்லி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வர வேண்டும் என்று கேட்டதும், தான் வரமாட்டேன் என்றார். "வேண்டாம்னாக. ஒதுங்கிட்டேன். திரும்பப் போயி நின்னா அந்தப் புள்ளைக்குத்தான் கொறச்சல்" என்றார். அதில் நியாயம் இருந்ததால் வசுமதி வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற தெம்பும் இல்லை. எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது எஸ்தர் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவுகளத்தான வேண்டாம்னாக. என்னைய யாரும் வேண்டாம்னு சொல்லலயே."

ஞானதுரை மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத் தூக்காபீஸில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இந்த வீட்டு முன்கூடமும் முற்றமும் போதும், கொடுக்கப் போகிற வழிதானே, விட்டுவிட்டுப் போகட்டும் என்றாள். ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. முன்னைவிடப் பிள்ளைகள் அதிகம். அவளுக்கு முட்டுவலி. நடக்கிற பிள்ளை ஒரு பக்கம் ஓடினால் தொட்டில் பிள்ளை இன்னொரு பக்கம் அழும்.

"ஒத்தையில முடியாதும்மா. கூட ஒரு ஆளு வேணும். தூக்காபீஸ் காசுல ஆளு வச்சா அந்தக் கணக்கு உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சிரும்."

"நான் இருக்கேன்க்கா" என்றாள் வசுமதி. சொல்லி முடித்தபின்தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. எஸ்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுப் பழக்கமுண்டா என்று கேட்டாள். இல்லை என்றாள் வசுமதி.

பிரணவிடம் பேசுவது எளிதாகவே இருந்தது. முனைப்பு புதிய சரக்கு, தரம் நிலையாக வர வேண்டுமானால் முதல் மையத்தில் கொஞ்ச காலம் நேரடியாக ஒருவர் இருக்க வேண்டும், மற்ற வெண்டர்களைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இவ்வளவு அக்கறையை எதிர்பார்க்கவில்லை என்றார் அவர். தகுதி எழுதுவது என்ன ஆயிற்று என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாள். கணவரிடம் மட்டும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர், அங்கேயாவது தூங்குகிறாயா என்று கேட்டார்.

தூக்கம் அத்தனை சீக்கிரம் வரவில்லை. சரக்கு ஏற்றிக்கொள்வதை அவள் நிறுத்தியிருந்தாள். ஆரம்பத்தில் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. பகலில் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தபடியே கண் செருகும், ஏதாவது ஒரு பிள்ளை இமையை விரலால் திறந்து பார்க்கும். கால் கழுவிவிடக் கற்றுக்கொண்டாள். எந்தப் பிள்ளை எதற்கு அழும் என்று கற்றுக்கொண்டாள். ரூபிணி கைக்கட்டோடு வந்து, மற்றப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு திரிந்தாள். வரமாட்டேன் என்ற ஞானதுரை, இது என் வீடு, நான் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு குடிதண்ணீர்க் குடம் தூக்கினார், முற்றத்துப் படியில் விழாமல் பலகை அடைத்தார்.

காலையில் தாய்மார்கள் வந்து விட்டுவிட்டுப் போவார்கள். முதல் சில நாட்கள் வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்க்காமல் போக ஆரம்பித்தார்கள். ஐந்து நாள் ஐந்து நாளாகவே இருந்தது. அதை வசுமதியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிள்ளையை எடுத்துக்கொள்ள வரும்போது அவர்கள் கண்ணுக்குக் கீழே அதே கறுப்புத்தான். புஷ்பகனி ஒருநாள் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, இன்றைக்குப் படுத்ததே தெரியவில்லை மேடம், கண் மூடினதுதான் தெரியும் என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் வசுமதி ரூபிணியின் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் ஒன்றில் பிரணவின் போன் வந்தது. பிள்ளைகளெல்லாம் அப்போதுதான் அடங்கியிருந்தன. தொட்டிலில் இறங்க மறுத்த ஒரு கைக்குழந்தை வசுமதியின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முற்றத்து ஓரத்துக்கு நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"சாத்தூர் சரக்குக்கு என்ன ஆச்சு, வசுமதி? லேப்ல சுத்தமா ஒண்ணுமே இல்லைங்கறாங்க. கால் சென்டர்காரர் திருப்பி அனுப்பறேங்கறார். ஆளுங்க நிம்மதியா உக்காந்திருக்காங்களாம், அஞ்சு மணி ஆனா எழுந்து வீட்டுக்குப் போயிடறாங்களாம். ஆள் மாறலையே?"

"இல்ல பிரணவ். அதே ஆளுங்கதான்."

"குழந்தைங்க ரூம்ல போட்ட கட்டில்?"

"அதே கட்டில்தான்."

"அப்புறம் எப்படி?"

"எனக்கும் புரியல. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். நீங்கள் அங்கே இருப்பதுதான் எனக்கு ஒரே தைரியம் என்றார். தகுதியை எழுதி அனுப்புவதற்கு முன் இதைக் கண்டுபிடித்தாக வேண்டும், காரணம் தெரியாமல் மற்ற ஊர்களில் இறங்க முடியாது, அதுவரை மற்ற வெண்டர்களுக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். அவள் சரி என்றாள்.

எஸ்தர் காலை நீட்டி முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். "யாரு, ஆபீஸா?"

"ஆமாக்கா."

"என்னவாம்?"

"சரக்கு சரியில்லையாம்."

எஸ்தர் சத்தம் வராமல் சிரித்தாள். வசுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. இது எத்தனை காலம் ஓடும் என்று அவளுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். இல்லாவிட்டால் பிரணவுக்கே பொறி தட்டும். தோள் மரத்துப்போயிருந்தது. அவள் மெல்லக் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, அது விழித்துவிடாதபடி முற்றத்தில் நடந்தாள்.